ஒரே வகுப்பில் உட்கார வைத்தால் போதுமா? அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளும் சக மாணவர்களும்

நிலக்கோட்டை அம்மா | திங்கள், இரவு 9.12

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். அறிவுசார் குறைபாடு, சான்றிதழில் 55 சதவீதம் என்று இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில்தான் படிக்கிறான். ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள், பையைக்கூடத் தூக்கி வருவார்கள். ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் புதுப் பிள்ளைகள். அதன் பிறகு அவனுக்கென்று ஒருவரும் இல்லை. சாப்பாட்டு மணி அடித்தால் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான். விளையாட்டு பாடவேளையில் மற்றவர்களின் தண்ணீர்ப் புட்டிகளுக்குக் காவல்.

இப்போது வாரத்துக்கு ஒரு புகார் வருகிறது. பக்கத்துப் பையனின் பேனாவைப் பிடுங்குகிறான், எல்லாரையும் கட்டிப்பிடிக்கிறான், கணக்கு பாடவேளையில் பெஞ்சைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். போன வாரம் ஓர் ஆசிரியையின் முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டான். வீட்டில் மெல்ல மெல்ல விசாரித்தால், "இழுத்தால் உன்னை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்கிறோம்" என்று பின்வரிசைப் பையன்கள் சொன்னார்களாம். இழுத்தான். ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. அடி மட்டும் கிடைத்தது.

"சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிடுங்களேன்" என்கிறார் தலைமையாசிரியர். பிள்ளைகள் அவனைச் சேர்த்துக்கொள்ளாததால் இப்படி நடந்துகொள்கிறானா, இப்படி நடந்துகொள்வதால் சேர்த்துக்கொள்ளவில்லையா? எனக்குப் புரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார் | திங்கள், இரவு 10.05

அம்மா, முதலில் ஒரு கேள்வி. பெஞ்சைத் தட்டினால் ஆசிரியர் என்ன செய்கிறார்? வெளியே நிற்கச் சொல்கிறாரா?

நிலக்கோட்டை அம்மா | திங்கள், இரவு 10.09

ஆமாம் சார். வராந்தாவில் நிற்கச் சொல்வார்களாம். தினமும்.

கணக்கு வாத்தியார் | திங்கள், இரவு 10.31

அப்படியானால் உங்கள் மகன் கணக்கில் கெட்டிக்காரன். பின்னக் கூட்டல் நடக்கிறது, ஒன்றும் விளங்கவில்லை, தட்டினால் வெளியே போகலாம், வராந்தாவில் காற்று வரும், யார் யாரோ நடந்து போவார்கள். நானாக இருந்தாலும் தட்டுவேன். அந்த ஆசிரியர் அதைத் தண்டனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பையனுக்கு அது பரிசு. தமிழ் பாடவேளையிலும் விளையாட்டு பாடவேளையிலும் தட்டுகிறானா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தட்டமாட்டான்.

ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாற்பதுக்கும் மேல் பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பையனுக்கென்று தனித்தாள் தயாரிப்பது சுலபமில்லை. ஆசிரியரைத் திட்டுவதற்காக இந்த இழை நீளுமானால் நான் வரமாட்டேன்.

ஆய்வு மாணவி | செவ்வாய், காலை 7.40

அம்மா கேட்ட "எது முதல், எது பிறகு" என்ற கேள்வி அமெரிக்காவில் 1970களிலேயே பெரிய விவாதம். அதுவரை தனி வகுப்புகளில் வைத்திருந்த லேசான அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பொது வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே இருந்தால் பழகிவிடுவார்கள், பழகினால் பிடித்துவிடும் என்பது அன்றைய நம்பிக்கை.

ஜெய் காட்லீப் என்பவரும் மில்டன் பூடாஃப் என்பவரும் இரண்டு வகைப் பள்ளிகளை ஒப்பிட்டு 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒன்று வழக்கமான கட்டடம். மற்றது உட்சுவர்களே இல்லாத பள்ளி. எல்லாப் பிள்ளைகளும் ஒருவர் கண்ணில் ஒருவர் படுவார்கள். சுவரில்லாத பள்ளியில் அந்தப் பிள்ளைகளை மற்றவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, ஆனால் நண்பராகத் தேர்ந்தெடுப்பது கூடவில்லை. தனி வகுப்பில் இருந்தவர்களைவிடப் பொது வகுப்பில் சேர்க்கப்பட்டவர்களே அதிகமாக ஒதுக்கப்பட்டார்கள்.

1978இல் காட்லீப், செம்மல், வெல்ட்மன் மூவரும் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை பொது வகுப்பில் எத்தனை நேரம் இருக்கிறது என்பதற்கும் சக மாணவர்கள் ஏற்பதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை. "தொல்லை கொடுக்கிறான்" என்று சக மாணவர்களும் ஆசிரியரும் கருதிய பிள்ளைகள் ஒதுக்கப்பட்டார்கள். "ஓரளவு படிக்கிறான்" என்று கருதப்பட்டவர்களுக்கு ஏற்பு கூடியது. ஒதுக்குவதும் ஏற்பதும் ஒரே கோட்டின் இரு முனைகள் அல்ல என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுவது. தொல்லை நின்றால் வெறுப்பு குறையும். அதனாலேயே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடமாட்டார்கள். அதற்கு வேறு வேலை செய்ய வேண்டும்.

கோவைக்காரர் | செவ்வாய், காலை 8.55

எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒரு குரல். கோபிக்க வேண்டாம்.

என் மகள் வகுப்பிலும் இப்படி ஒரு பையன் இருக்கிறான். இரண்டு முறை அவளைத் தள்ளிவிட்டான், ஒரு முறை கையைக் கடித்தான். வகுப்பு ஆசிரியை அவளிடம் "பாவம்டா, அவனுக்குத் தெரியாது, நீதான் அனுசரித்துப் போக வேண்டும்" என்கிறார். பதினொரு வயதுப் பெண் எவ்வளவு அனுசரிப்பாள்? பள்ளிக்குப் போகும்போதே அவனிடமிருந்து எத்தனை பெஞ்ச் தள்ளி உட்காரலாம் என்று யோசிக்கிறாள். அவனை வெளியே அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் பெண்ணுக்கு வலித்ததைச் சொன்னால் நான் இரக்கமில்லாதவன் ஆகிவிடுகிறேன்.

வழிப்போக்கன் | செவ்வாய், காலை 9.20

[மட்டுறுத்துநர்: இப்பதிவில் அந்தப் பிள்ளைகளைக் குறித்து எழுதப்பட்டிருந்த சொல்லுக்காகப் பதிவு நீக்கப்பட்டது. கருத்தைச் சொல்ல வேறு சொற்கள் உண்டு.]

சிறப்பாசிரியை | செவ்வாய், மாலை 6.48

வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியையாக இருக்கிறேன். பல பள்ளிகளுக்குச் சுற்றிவருகிற வேலை. கோவைக்காரர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் சொன்னது சரி.

"பாவம், அவனுக்குத் தெரியாது" என்பது இருவருக்குமே கெடுதல். கடிபட்ட பெண் வாயை மூடிக்கொள்கிறாள், வெறுப்பு உள்ளே தங்குகிறது. கடித்த பையனுக்கோ, கடித்தால் எதிரில் இருப்பவர் விலகிவிடுவார் என்ற பாடம் கிடைக்கிறது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை மெதுவாகக் கற்கும், ஆனால் கற்கும். நாம் கற்றுக்கொடுக்க நினைக்காததையும் சேர்த்துக் கற்கும்.

பெரும்பாலான தொல்லைகளுக்குப் பின்னால் நான்கில் ஒரு காரணம் இருக்கும். கவனம் வேண்டும், ஏதோ ஒன்றிலிருந்து தப்ப வேண்டும், ஒரு பொருள் வேண்டும், அல்லது அந்தச் செயலே உடம்புக்கு இதமாக இருக்கிறது. எந்தக் காரணம் என்று ஊகிக்காதீர்கள், எழுதிப் பாருங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்தி: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே பின்னால் என்ன நடந்தது. நிலக்கோட்டை அக்கா எழுதியதிலேயே மூன்று செயலுக்கு மூன்று காரணம் தெரிகிறது. பெஞ்சைத் தட்டுவது கணக்கிலிருந்து தப்ப. பேனாவைப் பிடுங்குவது, பிடுங்கினால் துரத்துவார்கள் என்பதற்காக இருக்கலாம்; யாரும் பேசாத பிள்ளைக்குத் துரத்தப்படுவதும் ஒரு விளையாட்டு. முந்தானையை இழுத்தது ஆட்டத்தில் சேர. ஆகவே மூன்றுக்கும் ஒரே தண்டனை கொடுத்தால் ஒன்றும் நடக்காது.

1985இல் எட்வர்ட் கார், மார்க் டூரண்ட் என்ற இருவர் வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு பிள்ளைகளிடம் செய்து பார்த்ததை எங்கள் பயிற்சியில் சொல்வார்கள். கடினமான பாடத்திலிருந்து தப்பக் கலாட்டா செய்த பிள்ளைக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். உதவி கிடைத்தது, கலாட்டா குறைந்தது. கவனத்துக்காகச் செய்த பிள்ளைக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்ற கேள்வியைக் கொடுத்தார்கள், பாராட்டு கிடைத்தது, கலாட்டா குறைந்தது. ஒரு பிள்ளையின் காரணத்துக்குப் பொருந்தாத சொற்றொடரைக் கொடுத்தபோது பலன் இல்லை. கணக்கு வாத்தியார் சாருக்கு இது புரியும்: விடை சரியாக இருந்தாலும் கேள்வி மாறிவிட்டால் மதிப்பெண் இல்லை.

உங்கள் மகன் விஷயத்தில் கணக்கு பாடவேளைக்கு ஓர் அட்டை போதும். "உதவி வேண்டும்" என்று ஒரு பக்கம், "கொஞ்சம் ஓய்வு" என்று மறுபக்கம். காட்டினால் உடனே கிடைக்க வேண்டும். முதல் சில வாரம் ஆசிரியர் சலிக்காமல் கொடுத்தாக வேண்டும். கூடவே அவனால் போட முடிந்த கணக்கு அந்தத் தாளில் இருக்க வேண்டும். அது இல்லாமல் அட்டை மட்டும் கொடுத்தால் நாள் முழுக்க ஓய்வுதான்.

கட்டிப்பிடிப்பதை இப்போதே மாற்றுங்கள். ஏழு வயதில் எல்லாரும் சிரித்தார்கள். பன்னிரண்டு வயதில் அதே செயல் வேறு பொருள் தரும், பெண் பிள்ளைகளின் வீட்டிலிருந்து ஆள் வரும். கை குலுக்குவது அல்லது கையோடு கை தட்டுவது. வீட்டிலும் மாமா, அத்தை எல்லாரும் அதையே கடைப்பிடிக்க வேண்டும். வீட்டில் ஒரு விதி, பள்ளியில் ஒரு விதி என்றால் அவனுக்குக் குழப்பம்.

ஆய்வு மாணவி | செவ்வாய், இரவு 8.15

ஒரு சேர்க்கை. பின்வரிசைப் பையன்கள் ஏவிவிட்டது சாதாரண விஷயமில்லை. இந்தப் பிள்ளைகள் ஒதுக்கப்படுவதில் மிகவும் கண்ணுக்குத் தெரியாத வடிவம் அதுதான். பார்ப்பவர்களுக்கு அவன் குழுவில் இருப்பதுபோலத் தெரியும், சிரிப்பும் கேட்கும். எதிரில் இருப்பவரின் உள்நோக்கத்தைப் படிப்பது அவனுக்குக் கடினம் என்பது அந்தப் பையன்களுக்கு நன்றாகத் தெரியும். இதில் பள்ளி அவனை அடித்தது. ஏவியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. ஆசிரியர் கண்டுகொள்ளாமல் விட்டால் தானே அடங்கும் என்ற அறிவுரையும் இங்கே செல்லாது. அவனுக்கு வேண்டியது ஆசிரியரின் கவனம் அல்ல, பின்வரிசையின் சிரிப்பு.

தம்பியின் அக்கா | செவ்வாய், இரவு 10.50

எல்லாரும் பொதுப் பள்ளியே சரி என்று முடிவுகட்டிவிட்டுப் பேசுகிறீர்கள். என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம், இப்போது இருபத்தாறு வயது. பொதுப் பள்ளியில் அவனுக்கு "உதவித் தோழன்" ஒருவனை நியமித்தார்கள். நல்ல பையன், வகுப்பில் முதல் மாணவன். தம்பியின் நோட்டை எழுதிக்கொடுப்பான், ஷூ லேஸ் கட்டிவிடுவான். ஆண்டு விழாவில் அவனுக்கு மேடையில் பரிசு கொடுத்தார்கள். பிறந்தநாளுக்கு ஒரு முறைகூட என் தம்பியைக் கூப்பிட்டதில்லை.

பிறகு சிறப்புப் பள்ளிக்கு மாற்றினோம். அங்கே என் தம்பிக்குச் சண்டைக்காரன் ஒருவன் கிடைத்தான், உயிர் நண்பன் ஒருவன் கிடைத்தான். கேரம் ஆட்டத்தில் ஏமாற்றுகிறான் என்று ஒருவனோடு பேசாமல் இருந்தான். பொதுப் பள்ளியில் யாரும் அவனோடு சண்டைகூடப் போட்டதில்லை! அந்தச் சண்டையைப் பார்த்து எங்கள் அம்மா சந்தோஷப்பட்டார் என்றால் நம்புவீர்களா?

நிலக்கோட்டை அம்மா, தலைமையாசிரியர் சொன்ன விதம் தவறு. ஆனால் சிறப்புப் பள்ளி என்பது தோல்வி இல்லை.

சிறப்பாசிரியை | புதன், காலை 6.30

சட்டமும் உங்கள் பக்கம்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் 31ஆம் பிரிவு, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்கிறது. தேர்வு குடும்பத்துடையது, தலைமையாசிரியருடையது அல்ல.

ஆனால் உதவித் தோழன் முறையையே கைவிட வேண்டாம் என்பேன். ஒருவனை மட்டும் நியமித்ததிலும் அவனுக்கு மேடையில் பரிசு கொடுத்ததிலும்தான் கோளாறு. அவன் குட்டி ஆசிரியர் ஆகிவிட்டான். நான்கைந்து பேர் மாறி மாறி, நோட்டு எழுதிக்கொடுக்கிற வேலை இல்லாமல், அருகில் உட்கார்வதும் ஆட்டத்துக்கு அழைப்பதுமாக இருந்தால் நிலைமை வேறு.

தம்பியின் அக்கா | புதன், காலை 7.02

இருக்கலாம். பேப்பரில் நன்றாகத்தான் இருக்கிறது.

பின்வரிசை | புதன், மதியம் 1.20

கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவன். எட்டாம் வகுப்பு வரை எங்கள் வகுப்பில் இப்படி ஒரு நண்பன். நண்பன் என்றே சொல்கிறேன். வகுப்பறையில் ஆசிரியர்கள் செய்த ஏற்பாடு எதுவும் அதற்குக் காரணமில்லை. நாங்கள் நான்கு பேரும் ஒரே டவுன் பஸ். கடைசி நிறுத்தத்துக்கு முன் நிறுத்தம். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும். பஸ் நிறுத்தத்தில் என்ன செய்வது? கல்லை வைத்து எறிந்து விளையாடுவோம். அவன் குறி தவறவே தவறாது. நாங்கள் தோற்றுக்கொண்டே இருப்போம், அவன் கத்துவான். பெரியவர்கள் யாரும் பார்க்கவில்லை, யாரும் "சபாஷ், அவனையும் சேர்த்துக்கொண்டாயே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றோடு ஆட்டம் நின்றிருக்கும்.

வேனில் தனியாக ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தோழர்கள் இல்லை என்று வருந்துகிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். எல்லா ஊரிலும் பஸ்ஸில் விட முடியாது என்பது தெரியும்.

நிலக்கோட்டை அம்மா | புதன், இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. இன்று நோட்டு வாங்கிவிட்டேன். தம்பி பின்வரிசை எழுதியதைப் படித்துவிட்டு வேனை நிறுத்தலாமா என்று இவரிடம் கேட்டேன். "பைத்தியமா உனக்கு" என்றார். பார்ப்போம்.

பெரிய பயம் வேறு. தலைமையாசிரியர் டி.சி. கொடுத்துவிடுவேன் என்று மறைமுகமாகச் சொல்கிறார். கொடுக்க முடியுமா?

கணக்கு வாத்தியார் | புதன், இரவு 9.58

முடியாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, 16ஆம் பிரிவு. எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக்கூடாது. 2019இல் தேர்ச்சி விதியைத் திருத்தியபோதும் இதில் கை வைக்கவில்லை. அடித்தார்கள் என்றீர்களே, அடுத்த பிரிவு அதையும் தடை செய்கிறது. ஆனால் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள். முதலில் வகுப்பு ஆசிரியரிடம் நோட்டோடு போங்கள். சட்டம் பையில் இருக்கட்டும்.

விளையாட்டு பாடவேளை விஷயத்தை மட்டும் விடாதீர்கள். தண்ணீர்ப் புட்டிக் காவல் என்பதைப் படித்தபோது கோபம் வந்தது. 2016 சட்டத்தின் 16ஆம் பிரிவே கல்வியோடு விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் சம வாய்ப்பு தரச் சொல்கிறது. எறிபந்து, ரிலே, கேரம், எதிலாவது ஓர் இடம் கேளுங்கள். இடம் என்றால் அணியில் இடம். ஸ்கோர் எழுதுகிற இடம் அல்ல.

சிறப்பாசிரியை | வியாழன், காலை 6.15

அதற்கு ஒரு வடிவமே இருக்கிறது. யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1968இல் சிகாகோவில் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் முதலில் அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான தனிப் போட்டிதான். பிறகு குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடும் முறையையும் சேர்த்தார்கள். இந்தியாவில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் அமைப்பு இதை நடத்துகிறது. ஏறக்குறைய ஒரே வயது, ஆட்டத்திறனும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும் என்று பார்த்துச் சேர்ப்பார்கள். பள்ளியின் நட்சத்திர ஆட்டக்காரனையும் உங்கள் மகனையும் ஒரே அணியில் போட்டால் நட்சத்திரம் பந்தை விடமாட்டான்.

ஆய்வு மாணவி | வியாழன், காலை 11.10

வகுப்புக்குள்ளும் இதே தர்க்கம் வேலை செய்யும். கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954லேயே சொன்னார்: இரண்டு குழுக்கள் சும்மா சந்தித்துக்கொண்டால் வெறுப்பு குறையாது. சம நிலை, பொது இலக்கு, கூடிச் செய்யும் வேலை, மேலே இருப்பவர்களின் ஆதரவு, இவை வேண்டும். காட்லீபின் குழுவே 1977இல் (முதல் ஆசிரியர் பாலார்ட்) லேசான அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளை மற்றவர்களோடு சிறு குழுக்களில் சேர்த்து எட்டு வாரம் பல்லூடகத் திட்டப்பணி செய்ய வைத்தது. அந்த வகுப்புகளில் ஏற்பு கூடியது. குழுவேலை நடக்காத வகுப்புகளில் அப்படி இல்லை.

ஆனால் தனக்குக் கொடுத்த பங்கை அந்தப் பிள்ளையால் முடிக்க முடிய வேண்டும். குழுவின் மதிப்பெண் அவனால் குறைந்தால் குழுவேலையே அவனுக்கு எதிரி ஆகிவிடும். படம் ஒட்டுவது, மாதிரி செய்வது, பொருள் சேகரிப்பது என்று உண்மையில் தேவைப்படுகிற, ஆனால் அவன் கைக்கு எட்டுகிற வேலை.

இன்னொன்று: பி.எட். மாணவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு, ஒதுக்கப்படுவது யார் என்று கண்டுபிடிக்க, "உனக்குப் பிடிக்காத மூன்று பேரின் பெயரை எழுது" என்று வகுப்பில் தாள் கொடுக்கக் கிளம்பாதீர்கள். மாலைக்குள் அந்தப் பட்டியல் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். யாரோடு உட்கார ஆசை என்று மட்டும் கேளுங்கள். யாருடைய தாளிலும் பெயர் வராத பிள்ளை யார் என்று தானே தெரியும்.

கோவைக்காரர் | வியாழன், இரவு 8.40

எல்லாம் படித்தேன். எல்லாரும் அந்தப் பையனுக்கு என்ன கற்றுத்தருவது என்று சொல்லிவிட்டீர்கள். என் மகளுக்கு என்ன சொல்லித்தருவது? நாளைக் காலை அவள் பள்ளிக்குப் போக வேண்டும்.

சிறப்பாசிரியை | வியாழன், இரவு 9.25

நல்ல கேள்வி சார். அவள் சொல்ல வேண்டியது இரண்டு சொல்: "வேண்டாம், நிறுத்து." உரக்க, முகத்தைப் பார்த்து, சிரிக்காமல். பெண் பிள்ளைகள் சங்கடத்தில் சிரித்துவிடுவார்கள். அவனுக்கு அந்தச் சிரிப்பு சம்மதம்போலத் தெரியும். சொல்லிவிட்டு ஓர் எட்டுத் தள்ளிப் போகட்டும். மறுபடி நடந்தால் ஆசிரியையிடம் சொல்லலாம், அது கோள் சொல்வது இல்லை. அவன் ஒழுங்காக வந்து ஏதாவது கேட்டால் அப்போது பதில் சொல்லட்டும், அவ்வளவுதான். நட்பு கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

ஆசிரியையிடம் நீங்கள் கேட்க வேண்டியது வேறு: கடித்த அன்று அதற்கு முன்னால் என்ன நடந்தது? யாராவது அவன் பொருளை எடுத்தார்களா, இரைச்சலா, நெரிசலா? வரிசையில் நிற்கும்போது கடிக்கிற பிள்ளைகள் நிறைய. வரிசைதான் காரணம் என்றால் அவனை முதலில் விட்டால் போதும்.

கோவைக்காரர் | வியாழன், இரவு 9.41

சாப்பாட்டு வரிசையில்தான் கடித்தான். இது எனக்குத் தோன்றவே இல்லை. நாளை கேட்கிறேன்.